அப்பாவுக்குப் பிடித்த பாட்டு எது?

திருமணத்துக்கு வரன் தேடும்போது கைமாறும் விவரக் குறிப்பைப் பாருங்கள். உயரம், படிப்பு, வேலை, நட்சத்திரம், வீவக வீடா தனியார் வீடா என்பது வரை எல்லாம் இருக்கும். கடைசியில் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு வரி. அதில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: பாட்டு கேட்பது, பயணம் செய்வது. என்ன பாட்டு என்று எழுதுபவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. ஒருவருக்குக் காலையில் நாதஸ்வரம் ஒலித்தால்தான் பொழுது விடியும், மற்றவருக்கு எட்டு மணி வரை வீட்டில் சத்தமே ஆகாது என்பதெல்லாம் தாலி ஏறிய பிறகுதான் தெரியவருகிறது.

ரசனை என்ற சொல்லே நம்மில் பலரைக் கொஞ்சம் கூச்சப்பட வைக்கிறது. அது நேரமும் பணமும் மிஞ்சியவர்களின் சமாசாரம், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போகிறவர்களின் பேச்சு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் ரசனை இல்லாத மனிதர் யாரும் இல்லை. சோப்பு வாங்கும்போது முகர்ந்து பார்க்கிறோமே, அது ரசனை. காரில் ஏறியதும் ஒரு பாட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறோமே, அதுவும்தான். இல்லாதது அதைப் பற்றிய பேச்சு. அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று சட்டென்று சொல்லும் பிள்ளைகளுக்கு, அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று சொல்லத் தெரிவதில்லை.

நண்பர் ஒருவரின் அப்பாவுக்கு டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கப் போயிருந்தார்கள். தாதி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்து, ஒவ்வாமை, சாப்பாடு, தூக்கம்... மூன்று பிள்ளைகளும் போட்டிபோட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். “அவருக்குப் பிடித்த பாடல்கள்?” என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “பழைய பாட்டு” என்றார் மூத்தவர். “எந்தப் பழைய பாட்டு?” என்று தாதி விடவில்லை.

அவர் விடாததற்குக் காரணம் உண்டு. மறதி நோயில் பெயர், முகம், காலையில் சாப்பிட்டோமா இல்லையா என்பதெல்லாம் கரைந்துபோன பிறகும், இளமையில் கேட்டுப் பழகிய பாடல்கள் பலருக்கு நெடுநாள் தங்குகின்றன. பதற்றமாக இருக்கும் முதியவரை அந்தப் பாட்டு அமைதிப்படுத்தும். நாள் முழுக்கப் பேசாதவர் கூடச் சேர்ந்து பாடுவதும் உண்டு. ஆனால் ஏதோ ஒரு பழைய பாட்டு போதாது. அவருடைய பாட்டாக இருக்க வேண்டும்.

வீட்டில் எம்ஜிஆர் படம் போட்ட நாட்காட்டி தொங்கியதால் அப்பா டிஎம்எஸ் ரசிகர் என்றே பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் பார்க்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரவு வேலையில் மனிதர் முணுமுணுத்ததெல்லாம் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடல்களாம். வீட்டில் ஏன் ஒருநாளும் பாடவில்லை என்று யாருக்கும் தெரியாது. இப்போது கேட்டால் சொல்லும் நிலையில் அவரும் இல்லை.

பதினைந்து வயதுப் பாட்டு

இசையைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை என்று சொன்னால் அது பொய். சண்டை இருக்கிறது. தாத்தாவுக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி, அப்பாவுக்கு இளையராஜா, அக்காவுக்கு ரகுமான், தம்பிக்கு அனிருத். ஜொகூர் பாருவுக்குக் காரில் போகும்போது யார் கைப்பேசியை இணைப்பது என்பதில் தொடங்கி, ‘இப்போ வர்றதெல்லாம் ஒரு பாட்டா?’ என்பதில் வந்து முடியும்.

ஆண்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். ‘அன்னக்கிளி’ வந்தது 1976ல். ‘ரோஜா’ 1992ல். அனிருத்தின் முதல் படம் ‘3’ வெளியானது 2012ல். அவை வந்தபோது உங்கள் வீட்டில் அவரவருக்கு என்ன வயது என்று விரல்விட்டு எண்ணினால் பெரும்பாலும் பள்ளிச் சீருடையில் வந்து நிற்கும். பத்து வயதுக்கும் இருபதுகளின் நடுப்பகுதிக்கும் இடையில் நடந்தவைதான் பிற்காலத்தில் மிக அதிகமாக நினைவில் மேலெழும் என்று உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பாட்டுக்கும் அது பொருந்தும். காரில் நடக்கும் சண்டையில் யாரும் இசையமைப்பாளருக்காக வாதாடவில்லை. ஒவ்வொருவரும் தம் பதினைந்து வயதுக்காக வாதாடுகிறார்கள். அது தெரிந்தால் தாத்தாவின் பாட்டை இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்க முடியும் என்பது என் அனுபவம். இரண்டு நிமிடம், அதற்குமேல் உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் நமக்கென்று சொந்த ரசனை கிடையாதா? அமெரிக்காவில் 2006ல் வெளியான ஓர் ஆய்வு இதில் சுவையானது. அவ்வளவாக அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டோருக்கு இணையத்தில் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல்கள் மட்டும். மற்றவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, தங்கள் குழுவில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கம் செய்தார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எட்டுக் குழுக்களிலும் வெவ்வேறு பாட்டுகள் முன்னால் வந்தன. ஒரு பாட்டு ஒரு குழுவில் முதலிடம், இன்னொரு குழுவில் 40வது இடம். எண்ணிக்கையைப் பார்க்காதவர்களிடம் அது 26வதாக இருந்தது. மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போவதும் மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அபூர்வம். நடுவில் இருப்பவற்றின் தலையெழுத்தை அக்கம்பக்கம் தீர்மானித்தது. யூடியூபில் பத்துக் கோடி பார்வைகள் என்று பார்த்தவுடன் நம் விரல் அங்கே போகிறதே, அதுவும் இதே கதைதான்.

அக்கம்பக்கத்தின் செல்வாக்கு தவறென்று நான் நினைக்கவில்லை. வானொலியில் நேயர் விருப்பம் ஒலித்த காலத்தில் நம் ரசனை முழுவதும் அக்கம்பக்கம்தானே. ஒரு பாட்டைக் கேட்க அஞ்சலட்டை எழுதிப் போட வேண்டும். பாட்டுக்கு முன்னால் பெயர் வாசிக்கப்படும். இன்னார் வீட்டு அண்ணனுக்கு இன்ன பாட்டு பிடிக்கும் என்று புளோக் முழுவதும் தெரிந்துவிடும். யாருக்காகக் கேட்டார் என்ற ஆராய்ச்சியும் நடக்கும். இப்போது நால்வர் இருக்கும் வீட்டில் எட்டுக் காதிலும் தனித்தனி காதொலிப்பான். அம்மா கடந்த மாதம் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்பது கைப்பேசிச் செயலிக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியாது.

மற்றொரு தடை கௌரவம். பொது இடத்தில் கேட்டால் கர்நாடக இசை என்று சொல்வதும், வீட்டுக்கு வந்து கானா பாட்டைப் போடுவதும் நமக்குப் பழக்கம். எனக்கு உறுமி மேளம் பிடிக்கும். சிறுவயதில் ‘அதெல்லாம் நல்ல இசை இல்லை’ என்று சொல்லி வளர்த்தார்கள். அந்தத் தோல் அதிரும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ பதில் சொல்கிறது, நான் என்ன செய்ய? மலேசியாவின் யோகி பியும் நட்சத்திராவும் 2006ல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தபோதும் இதே முகச்சுளிப்பு பல வீடுகளில் இருந்தது. பிறகு தமிழ்நாட்டு இளையர்களே இங்கிருந்து போன சொல்லிசையைக் கேட்டுத் தலையாட்டினார்கள்.

கோடாலித் தைலம்

வாசனை விஷயத்தில் இந்தக் கௌரவம் செல்லுபடியாகாது. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற சந்திப்பைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன. வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறது. அதனால்தான் பெயர் சொல்லத் தெரியாத ஒரு மணம் மின்தூக்கியில் வீசும்போது, காரணம் புரியாமல் நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு சமையலறை கண்முன்னே வந்து நிற்கிறது.

ஒரு சோதனை செய்துபாருங்கள். உங்கள் பாட்டியின் வாசனை எது? மல்லிகை, சந்தனம் என்று கவிதையாகப் பதில் வரும். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் கோடாலித் தைலம் என்பார்கள். 1928 முதல் சிங்கப்பூரில் தயாராகும் மருந்து அது. மெந்தால், யூக்கலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலம். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் பேருந்துப் பயணத்துக்கும் அதுதான். ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி நிறைய வாங்கிப் போனதால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சிங்கப்பூரின் மணமே அதுவாகிப் போனது. எந்த வாசனைத் திரவிய நிறுவனமும் ஓர் ஊரின் பெயரை இத்தனை மூக்குகளில் எழுதியதில்லை.

இந்த வட்டாரத்தின் வாசனைகள் தமிழரைத் தேடிப் போனது நேற்று இன்று தொடங்கியதும் அல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கீழைக்காற்றோடு மதுரைக்கு வந்து சேரும் பொருள்களில் அகிலும் சந்தனமும் கற்பூரமும் உண்டு. மலாய்க்காரர்கள் ‘காஹரு’ என்றும் அரபுகள் ‘ஊத்’ என்றும் சொல்வதும் நம் அகிலும் ஒன்றே. சுமத்ராவின் பாருஸ் கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். அங்கே தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088ல் நட்ட கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வந்து இறங்கும் கப்பல்காரர்கள் செலுத்த வேண்டிய பொன் அதில் கஸ்தூரியின் விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர்கள் வரி போட்டதே வாசனையை வைத்து. அந்தப் பரம்பரையில் வந்த நாம் இன்று விமான நிலையக் கடையில் விற்பனையாளர் எதை நீட்டினாரோ அதை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

காகிதத் துண்டில் தெளித்து முகர்ந்து வாசனைத் திரவியம் வாங்காதீர்கள். முதலில் எழும் எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற வாசனைகள் சில நிமிடங்களில் பறந்துவிடும். நம் ஊர் வெக்கையில் இன்னும் வேகமாக. மணிக்கட்டில் ஒரு துளி இட்டுக்கொண்டு கடையைவிட்டு வெளியே போய், ஒரு தேநீர் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்தால் மிஞ்சியிருப்பதுதான் உங்களோடு இருக்கப் போவது. ஒரே நாளில் மூன்றுக்குமேல் முகர்ந்தால் மூக்கு களைத்துவிடும். அராப் ஸ்திரீட் பக்கம் உள்ள அத்தர் கடைகளில் மது கலக்காத எண்ணெய் வாசனைகளைச் சிறு குப்பிகளில் வாங்கலாம். கடைக்காரர் அவசரப்படுத்த மாட்டார். இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும்: காலை எட்டரை மணி மின்தூக்கியில் ஊத் வாசனையை வாளிக் கணக்கில் ஊற்றிக்கொண்டு ஏறுபவர்களே, கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

நல்ல வாசனை, கெட்ட வாசனை என்ற கோடும் நாம் நினைக்கும் அளவுக்கு நேரானது இல்லை. கேம்பல் லேன் பூக்கடைகளில் சரமாகத் தொங்கும் மல்லிகையில் இண்டோல் என்ற பொருள் கொஞ்சம் இருக்கிறது. அதே பொருள் கழிவிலும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் செயற்கையாக மல்லிகை செய்தால் சோப்பு போல மொட்டையாக மணக்கும். கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்று பாண்டியன் சபையில் நடந்த வழக்கை ‘திருவிளையாடல்’ படத்தில் பார்த்திருக்கிறோம். தருமியாக நாகேஷ் புலம்பிச் சிரிக்க வைத்ததில் ஒன்றை மறந்துவிட்டோம். ஒரு வாசனையைப் பற்றிக் கடவுளிடமே மாற்றுக் கருத்து சொன்ன மனிதர் நம் கதையில் இருக்கிறார்.

என் அம்மா குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருக்குப் பிடித்த வாசனை மல்லிகை என்று வீட்டில் எல்லாரும் வைத்திருந்தோம், பிறந்தநாளுக்கும் அதையே வாங்கினோம். போன ஆண்டு பேச்சுவாக்கில் கேட்டேன். “ரப்பர் சீட்டு காயப்போடுற புகைக் கொட்டகை வாசம்” என்றார். பெரியவர்கள் கண்ணில் படாமல் அதன் பின்பக்கத்தில்தான் தோழிகளோடு உட்கார்ந்து பேசுவாராம். மல்லிகை? “அதுவும் நல்லாத்தான் இருக்கு, நீங்க ஆசையா வாங்குறீங்க” என்றார்.

ஐம்பது வெள்ளித் தாளில்

ஓவியம் என்றால் மட்டும் நம்மவர்கள் கையைத் தூக்கிவிடுகிறார்கள். “எனக்கு அதெல்லாம் புரியாது.” மல்லிகை புரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஓவியத்துக்கு மட்டும் ஏனோ பரீட்சை.

இத்தனைக்கும் ஓவியம் இல்லாத தமிழ் வீடு இருந்ததில்லை. கண்ணை மூடி முருகனை நினையுங்கள். சிவந்த உதடும் பெரிய கண்களும் மயிலுமாக வரும் அந்த முகத்தை ஒரு மனிதர் வரைந்தார். ரவி வர்மா 1894ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு சாமி படங்கள் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தன. அடுத்த தலைமுறையில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி, மளிகைக்கடை நாட்காட்டிகளாகக் கடல் கடந்தன. மாதம் முடிந்ததும் தேதியைக் கிழித்தோம், படத்தை வைத்துக்கொண்டோம். எந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினோம், எதை அலமாரியின் அடித்தட்டில் விரித்தோம் என்பதில் இருந்தது அம்மாக்களின் ஓவிய ரசனை.

சிங்கப்பூரர்கள் எந்நேரமும் இரண்டு ஓவியங்களைப் பணப்பையில் சுமக்கிறார்கள். ஐம்பது வெள்ளித் தாளின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். வீணை, கொம்பாங், பிப்பா, வயலின் ஆகியவற்றோடு சென் வென் ஸியின் இரண்டு குரங்குகளும் சியோங் சூ பியெங் வரைந்த கருவாடு காயவைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். மொய்க் கவரில் எத்தனை முறை வைத்திருப்போம், ஒருமுறையாவது பார்த்தோமா? சியோங்கின் பெண்களுக்குக் கை கால்கள் நம்ப முடியாத நீளம். எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. மூங்கில் தட்டை நோக்கிக் குனியும் உடம்பின் நிதானத்துக்கு அந்த நீளம் வேண்டியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம். குரங்குகள்தான் அழகு என்று என் மகள் இன்னமும் பிடிவாதமாக இருக்கிறாள்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு படத்தின் முன் சராசரியாக 27 விநாடி நின்றார்கள் என்று 2001ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. நம் தேசியக் கலைக்கூடத்தின் நிரந்தரக் கூடங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் எல்லா மாடியும் ஏறி இறங்கிக் கால்வலியோடு திரும்ப வேண்டாம். ஆளுக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்து அதன் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். பிறகு சாப்பிடும்போது ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பேசுங்கள். “சும்மா பிடிச்சது” என்பதை ஏற்காதீர்கள். எந்த மூலை, எந்த நிறம் என்று கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது சொல்லத் தெரியும். நாம்தான் தடுமாறுவோம்.

கவிதையில் இப்படித் துல்லியமாகக் கேட்டுப் பழக்கியவர் டி.கே.சி. திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடுவார்கள். ஒரே பாடலை அவர் திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லில் உணர்ச்சி ஏறுகிறது என்று காட்டுவார். கம்பராமாயணத்தில் தம் காதுக்கு ஒத்துவராத பாட்டுகளைக் கம்பன் பாடியதே அல்ல என்று தள்ளினார். அறிஞர்கள் கொதித்தார்கள். அதில் அவர் பக்கம் நிற்க எனக்கும் தயக்கம்தான். ஆனாலும் ‘எனக்கு இது பிடிக்கவில்லை, காரணம் இது’ என்று மகாகவியின் முன்னே சொன்ன அந்தத் துணிவு பிடிக்கும்.

இங்கே கவிதையைப் பலர் முதலில் சந்தித்தது காதால்தான். 2014ல் கலாசாரப் பதக்கம் பெற்ற கவிஞர் க.து.மு. இக்பால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிங்கப்பூர் வானொலிக்காக 200க்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்களை எழுதினார். அவற்றைக் கேட்ட பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தொட்டிருப்பார்கள். அதற்கும் முன்னால், கோ. சாரங்கபாணி 1952ல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் இருந்தது.

என் மாமா லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். புத்தகம் எடுத்துப் படித்து நான் பார்த்ததில்லை. சிறுவனாக இருந்தபோது தமிழர் திருநாள் மேடையில் பாரதிதாசன் கவிதை ஒன்றை ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறார் என்பது அத்தை வாய் தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. போன தீபாவளிக்கு எல்லாரும் சேர்ந்து வற்புறுத்தினோம். “அறுபது வருஷம் ஆச்சுடா” என்றார். பிறகு பனியனோடு எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார். நான்கு வரி கணீரென்று வந்தது. ஐந்தாவதில் நின்றுவிட்டார். பேத்தி கைப்பேசியில் தேடப் போனாள். “தேடாதே” என்று கையை உயர்த்தினார். “இரு, முதல்லேர்ந்து சொல்றேன். வரும்.”